எட்டு போட்டேன், மூணு காட்டுது!

(இறுதியாண்டு, மின்னணுவியல் துறை)

"16 அட்ரஸ் லைன் உள்ள 8085 நுண்செயலி எவ்வளவு நினைவகத்தை அணுக முடியும்?" இரண்டு மார்க் கேள்வி. நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் "64 கே.பி." என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வோம். நானும் எழுதினேன், இரண்டு மார்க்கும் வாங்கினேன். அதே கணக்கு வீட்டில் எதிரே வந்து நின்றபோது அடையாளம் தெரியாமல், ஒரு நல்ல மனிதரோடு கடைவாசலில் சண்டை போட்டவனும் நானேதான். அந்தக் கதையைச் சொல்லத்தான் மலர்க்குழு தந்த இந்தப் பக்கம். கவிதை தேடி வந்த நண்பர்கள் மன்னிக்கவும். அது முன்னும் பின்னும் நிறைய இருக்கும்!

2024 தீபாவளி போனஸில் அப்பா ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கித் தந்தார். ஏதோ ஆபீசில் கழித்துவிட்டது. மூன்றாம் தலைமுறை ஐ3, எச்61 போர்டு, 4 ஜி.பி. ரேம் ஒன்று. எனக்கு ஆட்டோகேட், தங்கைக்குப் பள்ளிக்கூட வேலை. இரண்டையும் சேர்த்துத் திறந்தால் கிழவர் மாடிப்படி ஏறுவதுபோல மூச்சு வாங்கியது. இன்னொரு 4 ஜி.பி. போட்டால் சரியாகிவிடும் என்று நான்தான் வீட்டில் பெரிய ஆள்போலச் சொன்னேன். அம்மா சீட்டுக்கு எடுத்து வைத்திருந்த 600 ரூபாயைக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் செகண்ட் ஹேண்ட் ஸ்டிக் வாங்கி வந்து மாட்டினேன்.

விண்டோஸ் என்ன சொன்னது தெரியுமா? நிறுவப்பட்ட நினைவகம் 8.00 ஜி.பி., பயன்படுத்தக்கூடியது 3.19 ஜி.பி.! நாலோடு நாலைக் கூட்டினால் மூணேகால்கூட வரவில்லை.

நம்ம கை சும்மா இருக்குமா? ஸ்டிக்கைக் கழற்றித் தங்க நிறக் காண்டாக்டைப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன். ஸ்லாட்டை மாற்றினேன். முன்னதைப் பின்னதாகவும் பின்னதை முன்னதாகவும் போட்டேன். மூணேகால் அசையவில்லை. கடைக்குப் போனேன். அவர் தன் மெஷினில் போட்டுக் காட்டினார், சரியாகத்தான் இருந்தது. "தம்பி, ஸ்டிக் நல்லாத்தான் இருக்கு. உங்க மெஷினைப் பாருங்க" என்றார். "விக்கிறதுக்கு முன்னாடி ஒரு பேச்சு, வித்ததுக்கப்புறம் ஒரு பேச்சாண்ணே?" என்று நாலு பேர் பார்க்கக் கத்தினேன். பாவம், வேறு ஸ்டிக் மாற்றிக் கொடுத்து அனுப்பினார். அதுவும் அதே மூணேகால். வேறொரு கடையில் "போர்டு போச்சு, மாத்தணும், 2,800 ஆகும்" என்றார்கள். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாத்திடலாமாப்பா?" என்றார். அந்தக் கேள்வி எனக்கு அன்றிரவு தூக்கத்தைக் கெடுத்தது.

மறுநாள் எங்கள் ஆய்வகப் பயிற்றுநரிடம் போய் நின்றேன். அவர் மெஷினைப் பார்க்கவில்லை, தொடவில்லை. ஒரே ஒரு கேள்வி: "பயாஸ்ல எவ்வளவுடா காட்டுது?"

நான் பார்க்கவே இல்லை. வீட்டுக்கு ஓடிப் போய், ஆன் செய்தவுடன் டெலீட் கீயைத் தட்டி உள்ளே போனால் 8192 எம்.பி.! போனில் சொன்னேன். "அப்போ ஸ்டிக், ஸ்லாட், போர்டு மூணு பேரும் நிரபராதி. விண்டோஸ் எத்தனை பிட்டு?" 32. "யார் போட்டது?" இதற்குப் பதில் சொல்லத்தான் எனக்கு நேரம் பிடித்தது. நண்பன் தந்த பென்டிரைவிலிருந்து நானேதான் போட்டிருந்தேன்.

இப்போது அந்த இரண்டு மார்க் கணக்குக்கு வருவோம். 16 லைனுக்கு 65,536 முகவரிகள். 32 பிட்டுக்கு 429,49,67,296 முகவரிகள், அதாவது சரியாக 4 ஜி.பி. நினைவகம் ஒரு நீண்ட தெரு என்றால் இவைதான் அதன் கதவு எண்கள். இந்தத் தெருவில் வீடுகள் மட்டும் இல்லை. கிராபிக்ஸ், நெட்வொர்க், யு.எஸ்.பி., பயாஸ் சிப் எல்லாருக்கும் ஆளுக்குச் சில எண்கள் ஒதுக்க வேண்டும். அவர்கள் தெருவின் மேல்கோடியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த எண்களைப் பிறகு ரேமுக்குக் கொடுக்க முடியாது. போர்டிலேயே உள்ள கிராபிக்ஸ் ரேமிலும் கொஞ்சம் பிய்த்துக்கொள்ளும். மிச்சம்தான் மூணு, மூணேகால், மூணரை. அதற்கு மேல் நீங்கள் எத்தனை வீடு கட்டினாலும் கதவு எண் இல்லை, தபால்காரர் போகமாட்டார். முதல் 4 ஜி.பி. மட்டும் இருந்தபோதும் அந்த மெஷின் இதே அளவைத்தான் காட்டியிருக்க வேண்டும். நான் அன்று அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை!

(விஷயம் தெரிந்த சீனியர்கள் "பி.ஏ.இ. இருக்கிறதே" என்பார்கள். வாஸ்தவம். 1995-இல் வந்த பென்டியம் புரோவிலேயே 36 அட்ரஸ் லைன், 64 ஜி.பி. வரை போகலாம். ஆனால் வீட்டு உபயோக 32 பிட் விண்டோஸ் டிரைவர்கள் தடுமாறும் என்று 4 ஜி.பி.யோடு கேட்டை மூடி வைத்தது.)

இது புதுக் கதையும் அல்ல. 1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் 8088-க்கு 20 அட்ரஸ் லைன். 10,48,576 பைட், அதாவது ஒரு எம்.பி. அதில் மேலே உள்ள 384 கே.பி.யைத் திரைக்கும் ராமுக்கும் (ரேம் இல்லை, ஆர்.ஓ.எம்.!) ஒதுக்கிவிட்டு 640 கே.பி.யைத்தான் புரோகிராமுக்கு விட்டார்கள். அதே தெரு, அதே மேல்கோடி. நம் பாடப்புத்தகத்தில் இந்தப் படம் இருக்கிறது. அதை வீட்டு மெஷினோடு சேர்த்துப் பார்க்கத்தான் நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நாமும் கேட்கவில்லை.

மருந்து சுலபம், ஆனால் இலவசம் அல்ல. 32-இலிருந்து 64-க்கு அப்படியே தாவ முடியாது, அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். தங்கையின் கோப்புகளை முதலில் வெளியே எடுத்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து 64 பிட் ஏற்றினேன். எட்டும் வந்தது, கொஞ்சம் குறைய. செலவு பூஜ்யம். ஒரு நஷ்டம் மட்டும் உண்டு. மாமா கொடுத்த பழைய பிரிண்டருக்கு 64 பிட் டிரைவர் கிடைக்கவில்லை. இன்றும் அது பரணில்தான் இருக்கிறது.

பயாஸிலேயே குறைவாகக் காட்டினால் என்ன செய்வது? அப்போதுதான் ரப்பருக்கு வேலை. ஒரு ஸ்டிக்கை மட்டும் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் போட்டுப் பார்க்க வேண்டும். நினைவகத்தை பிராசஸரே நேரடியாகக் கவனிக்கும் மெஷின்களில், சாக்கெட்டில் ஒரு ஊசி வளைந்திருந்தாலும் ஒரு பக்க ஸ்லாட் முழுக்க ஊமையாகிவிடும். இன்டெல் 945 போன்ற பழைய சிப்செட்டுக்கு 4 ஜி.பி.தான் எல்லை. அதிலும் மேல்கோடியில் போனது போனதுதான், 64 பிட் போட்டாலும் திரும்பாது. பக்கத்து வீட்டு அக்கா மெஷினில் இன்னொரு வேடிக்கை பார்த்தேன். யாரோ வேகம் கூடும் என்று சொன்னதைக் கேட்டு எம்.எஸ்.கான்ஃபிக்கில் மேக்ஸிமம் மெமரி கட்டத்தில் டிக் அடித்து 2048 என்று போட்டு வைத்திருந்தார்கள். டிக்கை எடுத்தேன், ரீஸ்டார்ட் செய்தேன், காபி கிடைத்தது. ஆனால் ஒன்று, எட்டு போட்டு ஏழே முக்கால் காட்டினால் கடைக்காரர் சட்டையைப் பிடிக்காதீர்கள். போர்டோடு வரும் கிராபிக்ஸின் பங்கு அது.

விண்டோஸ் 11 வந்ததிலிருந்து 32 பிட் பதிப்பே கிடையாது, இந்த வம்பு தானே ஒழிந்துவிடும் என்கிறான் என் நண்பன். அதே பென்டிரைவ் நண்பன்தான்! நம் வீடுகளில் இருக்கும் மூன்றாம் தலைமுறை மெஷின்களை விண்டோஸ் 11 தன் பட்டியலிலேயே சேர்க்கவில்லை என்பதை அவனுக்கு யார் சொல்வது? ஆபீசில் கழித்ததைத்தான் நாம் வாங்குகிறோம். இன்னும் சில வருஷம் வாங்குவோம்.

என் ஆதங்கம் வேறு. செய்முறைத் தேர்வில் நமக்குத் தருவது நல்ல மெஷின். கழற்று, மாட்டு, டிஸ்பிளே வந்ததா, மார்க் போடு. கெட்டுப்போன மெஷினை யாரும் நம் முன்னால் வைப்பதில்லை. அதனால்தான் டிப்ளமோ முடித்தவனும் பாகத்தை மாற்றி மாற்றிப் பார்க்கிறான். எவன் வீட்டுக் காசில் மாற்றுகிறோம் என்பதுதான் கேள்வி. 2,800 ரூபாய்க்குப் போர்டு மாற்றச் சொன்ன அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தவரும் ஒரு டிப்ளமோதான். எச்61 போர்டு 16 ஜி.பி. வரை தாங்கும் என்று அவர் ஒரு நிமிஷம் பார்த்திருக்கலாம். கத்துவதற்கு முன்னால் நானும் ஒரு நிமிஷம் பார்த்திருக்கலாம்.

பஸ் ஸ்டாண்டு கடைக்கு மறுவாரம் போனேன். "32 பிட்டா? அன்னைக்கே கேட்டிருப்பேன், நீ எங்க பேச விட்டே?" என்று சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீ லேசில் இறங்கவில்லை.

பேரவைச் செயலாளருக்கு ஒரு விண்ணப்பம். நம் ஆய்வகத்தின் பின்னறையில் கழித்த கம்ப்யூட்டர்கள் ஆறு கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கோளாறு வைத்து, வாரம் ஒரு மணி நேரம் நம் முன்னால் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஸ்குரூ டிரைவரைத் தொடுவதற்கு முன் என்ன பார்த்தாய், எவ்வளவு காட்டியது என்று எழுதிக் காட்டுபவனுக்கு மார்க். துறைத்தலைவர் சம்மதிப்பார் என்றுதான் நினைக்கிறேன். அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது மட்டும் இதுவரை தெரியவில்லை.