தப்பொலியும் முன்பெருக்கியும்

இரு சொற்கள் சேருமிடத்து இரண்டும் மாறாது நிற்பின் இயல்பு புணர்ச்சி. தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்றனுள் ஒன்றேனும் நேரின் விகாரப் புணர்ச்சி. நன்னூல் பயின்ற மாணாக்கர் யாவரும் இதனை அறிவர். எல்ல, தெமோதரை, பசறை முதலிய ஊவாத் தோட்டப் பகுதிகளில் இசைப்பதிவில் ஈடுபட விழையும் இளைஞர், இன்றைய ஒலிப்பதிவு உலகில் நிகழும் வாதம் ஒன்றையும் இவ்விலக்கணங்கொண்டே தெளியலாம்.

வாதம் இதுதான். குரல், தப்பு, ஆர்மோனியம் எனத் தனித்தனியே பதிந்த ஒலிகளைக் கணினிக்குள்ளேயே கூட்டிவிடுவதா? அன்றி, வெளியே கொணர்ந்து, மின்கருவியிற் கூட்டி, மீண்டும் கணினிக்குட் செலுத்துவதா?

கணினி கூட்டுவது எண்களை. கூட்டலால் அங்கே ஒலியின் குணம் மாறுவதில்லை. இஃது இயல்பு புணர்ச்சி. வெளியே கூட்டுங்கால் நிகழ்வது வேறு. எளிய கூட்டுக் கருவியினுள்ளே இருப்பவை தடையிகளே. அவற்றைக் கடந்த ஒலி ஏறத்தாழ 30 முதல் 40 டெசிபல் வரை மெலிந்துபோம். மெலிந்ததை உயர்த்த ஒரு சோடி முன்பெருக்கி வேண்டும். ஒலிவாங்கியின் நுண்ணிய மின்னலையைப் பெருக்குதற்கென அமைந்த கருவிக்கு இஃது இரண்டாந் தொழில். எந்த முன்பெருக்கியை இணைக்கின்றோமோ, அதன் குணம் பாட்டு முழுவதிலும் படியும்.

1970இல் ரூபர்ட் நீவ் அமைத்த 1073 என்னும் புகழ்பெற்ற கருவியை எடுத்துக்கொள்வோம். அதன் உள்வாயிலிலும் வெளிவாயிலிலும் மின்மாற்றிகள் உள. இத்தகைய கருவியில் ஒலியை மிகுதியாகச் செலுத்தின், மூலத்தில் இல்லாத மேற்றொனிகள் பிறக்கும், இது தோன்றல். தாள அடியின் கூரிய முனை சற்றே உருளும், இது திரிதல். மிக உயர்ந்த அதிர்வெண்கள் சிறிது நலியும், இது கெடுதல். மின்மாற்றியில்லாத தூய வகைகளில் இம்மூன்றும் மிகக் குறைவு.

விகாரமென்றவுடன் குற்றமென்று கொள்ளற்க. ‘வாழைப்பழம்’ என்பதில் தோன்றிய பகரம் செவிக்கு இனிதேயன்றோ? 1976இல் வெளிவந்த ‘அன்னக்கிளி’யின் பாடல்களும், அக்கால இலங்கை வானொலி நிகழ்ச்சிகளும் மின்கருவிகளினூடே கலந்தவையே. அவ்வொலியில் நம் செவி பழகிற்று.

ஆயினும் விகாரம் தகுமிடம் எது, தகாவிடம் எது என அறிதல் வேண்டும். தப்பின் உயிர் அதன் முதலடியின் கூர்மையில் உள்ளது. விடியற்காலையிற் பெரட்டுக்கு அழைத்ததும், காமன் கூத்தில் முழங்குவதும், சாவீட்டில் அதிர்வதும் தீயிற் காய்ச்சிய அத்தோலே. அதன் முனை மழுங்கின் அது வேறொரு கருவியாய்விடும். எனவே தப்பைத் தூய சோடியினூடும், குரலை மின்மாற்றிச் சோடியினூடும் தனித்தனியே செலுத்திப் பின்னர்ச் சேர்த்தல் நன்று. இடப்புறத்துக்கு ஒருவகை, வலப்புறத்துக்கு வேறுவகை என இணைத்தல் ஆகாது; நடுவே நிற்கவேண்டிய குரல் நிலைபெறாது சாயும். இரண்டை ஒப்பிடும்போது ஒலியளவு சமமாயிருத்தலும் இன்றியமையாதது. சற்றே உரத்தது சிறந்ததெனத் தோன்றுவது செவியின் மயக்கம்.

இனிப் பொருளின் அருமையை நோக்குவோம். ஒரு சோடியின் விலை 1,000 டாலர் எனவும், டாலர் 300 ரூபாய் எனவும் கொள்வோமாயின், அது மூன்று இலட்சம் ரூபாய். தோட்டத் தொழிலாளர்க்கு 2024 செப்டெம்பரில் வரையறுத்த அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய். அக்கணக்கில் இஃது 222 நாள் உழைப்பு. வரியும் கப்பற்கூலியும் வேறு. ஆதலின் முதற் செலவு நல்ல ஒலிவாங்கிக்கும் அமைதியான அறைக்கும் ஆகுக. கூட்டலைக் கணினியே செய்யட்டும். அதனால் பாட்டுக்கு இழுக்கில்லை.

மலைநாட்டு மக்கள் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தேடித் தொகுத்தார். அதனாற் சொற்கள் ஏட்டில் நின்றன. மெட்டும் குரலும் ஏட்டில் நில்லா. அவற்றை அறிந்த முதியோர் இன்னும் லயங்களில் வாழ்கின்றனர். முன்பெருக்கியால் நேரும் கெடுதல் செவிக்கும் எட்டாத சிறுமையது. அம்முதியோரின் பாட்டு பதியப்படாமலே மறைவதோ மீட்கவொண்ணாத கெடுதல். எக்கருவி கையிலுள்ளதோ, அதனைக்கொண்டு இளைஞர் இன்றே தொடங்குவாராக.