கையில் கட்டிய காவல்காரன்

பார்வை மங்கியவர் மூக்குக் கண்ணாடி அணிகிறார். காது கேளாதவர் காதில் கருவி பொருத்திக் கொள்கிறார். இருதயத் துடிப்பு சீராக இல்லாதவருக்கு மார்பில் ‘பேஸ்மேக்கர்’ வைக்கிறார்கள். இவை மனிதனின் உடலோடு ஒன்றாகிவிட்ட கருவிகள். அணிபவருக்கே நன்மை, ஆகவே யாரும் குறை சொல்வதில்லை.

இப்போது வேறு வகைக் கருவி உழைப்பவர் உடலில் ஏறியிருக்கிறது. அணிபவர் ஒருவர், பார்ப்பவர் இன்னொருவர்.

2020-ம் ஆண்டில் சண்டிகர் மாநகராட்சி துப்புரவுத் தொழிலாளர்களுக்கு ஜி.பி.எஸ். கைக்கடிகாரம் கொடுத்தது. அதற்கு முன்பே நாகபுரியிலும் இது வந்துவிட்டது. தொழிலாளி எங்கே நிற்கிறார், எப்போது நகர்கிறார் என்பதை அதிகாரி அறையில் இருந்தபடியே பார்க்கலாம். வேலைக்கு வராதவர் பெயரில் சம்பளம் எழுதும் மோசடி ஒழியும் என்பது அதிகாரிகளின் வாதம். மோசடி ஒழிய வேண்டியதுதான். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

ஆனால் தொழிலாளர்கள் சொன்னதையும் கேட்க வேண்டாமா? கழிப்பறைக்குப் போனாலும் கடிகாரம் கையில் இருக்கிறதே என்று பெண்கள் கூசினார்கள். கருவி பழுதானால் கூலி குறைகிறது என்று முறையிட்டார்கள். சண்டிகரில் போராட்டமே நடந்தது.

மும்பையில் ஒரு காலத்தில் மில் சங்கு ஊதினால் தொழிலாளர்கள் ஓடினார்கள். கண்டிப்பான காலம்தான் அது. ஆனாலும் சங்கு மில்லிலேயே நின்றது. வாசலைத் தாண்டினால் நேரம் தொழிலாளிக்குச் சொந்தம். இன்றைய சங்கு அவரோடு சேர்ந்து வீட்டுக்கு வருகிறது.

குமாஸ்தாக்களும் தப்பவில்லை. மத்திய அரசு அலுவலகங்களில் 2014-ல் ஆதார் வழி விரல்ரேகை வருகைப் பதிவு வந்தது. பல தனியார் கம்பெனிகளில் முகத்தைக் காட்டினால்தான் வருகை. இரவு பத்து மணிக்கு மேலதிகாரியின் ‘வாட்ஸ்அப்’ செய்தி வந்தால் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டுப் பதில் போட வேண்டியிருக்கிறது. அதற்கு ஓவர்டைம் உண்டா? கிடையாது.

சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்கு இதில் கஷ்டம் இரட்டிப்பு. கல்லும் சிமெண்டும் சுமந்து தேய்ந்த விரலை இயந்திரம் பல நேரம் ஏற்பதில்லை. ஒரு நாள் கூலி போனால் யாரிடம் சொல்வது? செயலியில் இருப்பது இந்தி அல்லது ஆங்கிலம். மேஸ்திரியோ “மெஷின் சொல்கிறது” என்று கையை விரித்துவிடுகிறார். ஆளோடு வாதாடலாம், இயந்திரத்தோடு எப்படி வாதாடுவது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் அச்சட்டம், வேலை தொடர்பான காரியங்களுக்கு ஊழியரின் சம்மதம் இல்லாமலே அவருடைய தகவலைப் பயன்படுத்த முதலாளிக்கு வழிவிட்டிருக்கிறது. முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான் இது.

வேலை நேரம் முடிந்த பிறகு வரும் அழைப்பை ஏற்காமலிருக்கும் உரிமைக்கு பிரான்சு நாடு செய்த சட்டம் 2017-ல் நடைமுறைக்கு வந்தது. இங்கே சுப்ரியா சுலே 2018-ல் மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

கருவியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஊருக்குப் பணம் அனுப்பவும், பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசவும் உதவுவது கையிலுள்ள போன்தான். நாம் கேட்பது நியாயமான எல்லை.

வேலை முடிந்ததும் கடிகாரத்தை வேலையிடத்திலேயே கழற்றி வைக்க உரிமை வேண்டும். தன் வருகைப் பதிவைத் தனக்குத் தெரிந்த மொழியில் பார்க்கும் வசதி தொழிலாளிக்கு வேண்டும். அபராதம் போடுமுன் தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்று 2019-ம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. இயந்திரம் ‘வரவில்லை’ என்று காட்டுவதை வைத்துக் கூலியைக் குறைக்கும் முன்னும் அதே விசாரணை நடக்க வேண்டும்.

தொழிலாளர்களும் சும்மா இருந்துவிடக் கூடாது. வேலைக்குப் போன நாளையும் நேரத்தையும் ஒரு சிறு நோட்டில் தினமும் குறித்து வையுங்கள். கூடவே வேலை செய்தவர் பெயரையும் எழுதுங்கள். தகராறு வந்தால் இயந்திரத்தின் கணக்குக்கு எதிராக வைக்க உங்களிடமும் ஒரு கணக்கு இருக்கும். சங்கங்கள் இதைப் பேச்சுவார்த்தை மேஜைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கூலி கொடுப்பவர் வாங்குவது எட்டு மணி நேர உழைப்பை, ஆளை அல்ல. மத்திய, மாநில அரசுகள் இதை மனதில் கொண்டு, கொல்லைக் கதவை அடைக்கத் தாமதிக்கக் கூடாது.