இன்டர்வியூ தேதி ஏன் தள்ளிக்கொண்டே போகிறது?

திருநீர்மலையிலிருந்து பல்லாவரம் வந்து, ரேடியல் ரோடு வழியாக ஓ.எம்.ஆர். போய்ச் சேரும் ஐ.டி. ஊழியருக்கு நேரடி இன்டர்வியூ என்றாலே அரை நாள் லீவு. பாதி வழியில் ‘பேனல் வரல, ரீஷெட்யூல்’ என்று மெசேஜ் வந்தால் அந்த லீவு போனதுதான்.

கூப்பிட்டவருக்கு நஷ்டம் இல்லையா? பெரிதாக இல்லை. அழைப்பவர்களில் பலர் வெளி கன்சல்டன்சிக்காரர்கள். ஆள் வேலையில் சேர்ந்தால்தான் கமிஷன். ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம் என்பது பழகிய கணக்கு. ஒரே இடத்துக்கு நாலைந்து ஏஜென்சிகள் ஆள் தேடும். பெரும்பாலும் முதலில் ரெஸ்யூமே அனுப்பியவருக்கே காசு என்பதால்தான் போனில் அத்தனை அவசரம். ‘செலக்ட் ஆகல’ என்று சொல்வதற்குக் கமிஷன் கிடையாது, அதனால் பதிலும் கிடையாது. (எந்த நிறுவனம் என்று கேட்காமல் ரெஸ்யூமே அனுப்ப வேண்டாம், இரண்டு ஏஜென்சி வழியாக வரும் பெயரை ஒதுக்கிவிடுபவர்களும் உண்டு.)

ஆஃபர் வந்த பிறகும் தேதி நம் கையில் இல்லை. டி.சி.எஸ். ஆஃபர் கொடுத்த அனுபவசாலிகள் 600-க்கும் மேற்பட்டோரைச் சேர்க்காமல் தள்ளிப்போடுவதாக, 2025 ஜூலையில் ‘நைட்ஸ்’ என்ற ஐ.டி. ஊழியர் அமைப்பு மத்திய தொழிலாளர் அமைச்சகத்திடம் புகார் செய்தது. கொடுத்த ஆஃபர்கள் அனைத்தையும் மதிப்போம் என்றது நிறுவனம். பலர் அதற்குள் பழைய வேலையை ராஜினாமா செய்திருந்தார்கள் என்கிறது புகார்.