கொடைக்கானல் ஏரியும் எங்கப்பாவின் வாளியும்

கொடைக்கானல் ஏரியைக் கெடுத்தவர்களில் எங்கப்பாவும் ஒருவர். இதை நான் ஒளிக்கப் போவதில்லை. ஏரியைப் பற்றி எழுதுகிறவர்கள் எவரும் எழுதாத ஒரு சங்கதி இது என்பதால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

சித்திரை, வைகாசி சீசனில் ஏரிக்கு மேலே சரிவில் இருக்கும் லாட்ஜுகளில் செப்டிக் டேங்க் நிரம்பி வழியும். பகலில் திறக்க முடியாது. விருந்தாளிகளுக்கு நாத்தம் அடிக்கக் கூடாது. எனவே ராத்திரி ஒரு மணிக்கு மேல் ஆள் வரும். அப்பாவும் சித்தப்பாவும் போவார்கள். ஒரு கயிறு, இரண்டு வாளி, ஒரு குவார்ட்டர். அள்ளியதை எங்கே கொட்டுவது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லாமலே தெரியும். லாட்ஜுக்குப் பின்னால் ஓடை. ஓடை இறங்குகிற இடம் ஏரி.

"மழை பேய்ற ராத்திரியா அமஞ்சா நல்லது. தண்ணியோட தண்ணியாப் போயிரும். வெறும் ஓடையில கொட்டுனா விடியக்காலம் நம்மளைத்தான் வைவாங்க" என்பார் அப்பா. விடிந்தால் அதே ஏரியில் படகு விடுவார்கள். நான் அப்போது ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் 'எங்கள் ஊர் ஏரி' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். எழிலார்ந்த ஏரி என்று எழுதி ஆசிரியையிடம் 'நன்று' வாங்கினேன். எங்கப்பா கைக்கு அந்த வாரம் முழுக்க வேப்பெண்ணெய் தடவியவள் எங்கம்மா.

1993இல் மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் வந்தது. ஆனால் அது உலர் கழிப்பிடத்தைப் பற்றித்தான் பேசியது. செப்டிக் டேங்க்கிற்குள் இறங்குவதைக் குற்றமாக்க 2013ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் முப்பது லட்சம் என்றது. எங்கப்பா சாகவில்லை. மூச்சு முட்டி விழுந்து பிழைத்தவர்களுக்கு எந்தக் கணக்கும் இல்லாததால் நாங்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

*

சென்ற ஆண்டு ஏரியைப் பாதுகாப்பது பற்றி ஒரு கூட்டம். நடத்தியவர்களின் பெயர் வேண்டாம். நல்ல எண்ணத்தோடு வந்தவர்களும் அதில் இருந்தார்கள். எங்கள் காலனிப் பெண்களை முதல் நாளே அழைத்தார்கள். கையுறை கொடுத்தார்கள், சாக்கு கொடுத்தார்கள். கரையில் கிடந்த பாட்டில்களைக் காலை ஏழு மணியிலிருந்து பொறுக்கினோம். படம் எடுத்தார்கள். பத்து மணிக்கு அரங்கத்தில் கூட்டம் தொடங்கியபோது எங்களுக்குப் பின்வரிசை. அதைக்கூட விடுங்கள், நாற்காலிச் சண்டைக்கு நான் வரவில்லை.

பேச வந்த ஒருவர் திரையில் படம் காட்டினார். ஏரிக்கு வரும் ஓடைகள், சரிவுகள், ஆக்கிரமிப்புகள். ஆக்கிரமிப்பு என்ற தலைப்பில் முதலில் வந்த படம் எங்கள் காலனி. தகரக் கூரை, துவைத்துக் காயப்போட்ட துணி, எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கும் தண்ணீர்க் குழாய். "இப்படிப்பட்ட குடியிருப்புகளின் கழிவுதான்..." என்றார். பக்கத்திலிருந்த எங்கம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "நம்ம வீட்டையா காட்டுறாங்க?"

எழுந்து கேட்டேன். ஐயா, எங்கள் காலனியில் எத்தனை கக்கூஸ் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் படத்தில் மேல்பக்கமாக ஒரு கட்டிடத்தின் ஓரம் தெரிகிறதே, அதில் எத்தனை அறை, அத்தனை அறைக் கழிவும் எங்கே போகிறது தெரியுமா? எங்கப்பாவுக்குத் தெரியும், கூப்பிடட்டுமா? கூட்டத்தை அரசியலாக்காதீர்கள் என்றார்கள். சுற்றுச்சூழலுக்குச் சாதி கிடையாது என்று ஒரு பெண்மணி மிகுந்த அன்போடு சொன்னார். அந்த அன்பை எங்கே வைப்பதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

*

இந்த ஏரி இயற்கை தந்தது அல்ல. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கீழ்நாட்டுக் காய்ச்சலுக்குத் தப்பி இங்கே வீடு கட்டினார்கள். 1863இல் மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச், சதுப்பாகக் கிடந்த பள்ளத்தில் ஓடைகளை மறித்துக் கரை கட்டினார். இருபத்து நான்கு ஹெக்டேர் நீர். தூத்துக்குடியிலிருந்து படகு வந்தது. லெவிஞ்ச் பெயர் நின்றது. கரைக்கு மண் சுமந்தவர்கள், கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து துரைகளையும் துரைசானிகளையும் நாற்காலியில் உட்காரவைத்து மலையேற்றியவர்கள் 'கூலிகள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைந்து போனார்கள். மோட்டார் வண்டி ஏறும் பாதை வந்தது இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தில். அதுவரை மனிதத் தோள்தான் பாதை.

துரை வருவதற்கு முன்னும் இது யாருமற்ற மலை அல்ல. பளியர் இருந்தார்கள். புலையர் இருந்தார்கள். சமவெளியிலிருந்து ஏறிவந்த குன்னுவர்களிடம் புலையர் பண்ணையடிமைகளாகக் கிடந்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேய அதிகாரிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். அதே புலையர் 1976 வரை பழங்குடிப் பட்டியலில் இருந்து, பிறகு அட்டவணைச் சாதிப் பட்டியலுக்கு மாற்றப்பட்டார்கள். மலையில் பிறந்து மலையில் செத்தவனை ஒரு காகிதம் மலையிலிருந்து இறக்கிவிட்டது.

எம்.ஏ. தமிழ் வகுப்பில் குறிஞ்சித் திணையின் கருப்பொருளை மனப்பாடம் செய்தவள் நான். தெய்வம் முருகன், உணவு தினை, பறை தொண்டகம், செய்தி தேனழித்தலும் கிழங்கு அகழ்தலும். பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். செய்தி என்றால் தொழில். இன்றைய குறிஞ்சிக்குச் செய்தி என்ன என்று கேட்டிருந்தால் லாட்ஜில் படுக்கை விரித்தல், பாட்டில் பொறுக்கல், டேங்க் இறைத்தல் என்று எழுதியிருப்பேன். மதிப்பெண் கிடைத்திருக்காது.

*

வளர்ச்சி என்று சொல்லி இந்த மலையைத் தின்றவர்கள் யார் என்பதற்கு நீதிமன்ற ஏடுகளே சாட்சி. பிளசண்ட் ஸ்டே ஓட்டல் வழக்கை மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு தளத்துக்கு அனுமதி, எழும்பியது ஏழு. 1994இல் அரசு அதற்கு விதிவிலக்குக் கொடுத்தது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு வழக்காடியது. உயர் நீதிமன்றம் விதிவிலக்கை ரத்து செய்தது. 1995இல் உச்ச நீதிமன்றமும் கூடுதல் தளங்களுக்கு உயிர்ப்பிச்சை தரவில்லை. அந்தக் குழுவுக்கு இந்த மலை கடன்பட்டிருக்கிறது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த விதிவிலக்கு தொடர்பான ஊழல் வழக்கில் 2000 பிப்ரவரி 2 அன்று முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்குத் தண்டனை விதிக்கப்பட்டதும், தருமபுரியில் பேருந்தோடு எரிக்கப்பட்டு வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் செத்தார்கள். மேல்முறையீட்டில் அவர் 2001இல் விடுதலையானார். மாணவிகள் திரும்பவில்லை.

ஏழு மாடிக்கு அரசாணை ஓடி வருகிறது. அதை நிறுத்த உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டியிருக்கிறது. எங்கள் காலனிக்கு நோட்டீஸ் வந்தபோது அதில் கொடுத்திருந்த அவகாசம் பதினைந்து நாள். எந்த அலுவலகம் அனுப்பியது என்பது இங்கே முக்கியமில்லை. அதைக் கொண்டுவந்தவர் எங்கள் வாசலில் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

அடுத்தது பாதரசம். அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து மூட்டை கட்டிய தெர்மாமீட்டர் ஆலை எண்பதுகளின் தொடக்கத்தில் இங்கே வந்து இறங்கியது. பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு 7.4 டன் கிடந்ததை ஊரார், பழனி மலைக் குழுவினர், கிரீன்பீஸ் அமைப்பினர் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறக்குறைய 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. 2006இல் வெளியான ஆய்வு, ஏரி மீனிலும் அடிமண்ணிலும் பாதரசம் இருப்பதைக் காட்டியது. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு உடன்படிக்கை வந்தது 2016 மார்ச்சில். பதினைந்து வருடம்! ஆலை மண்ணில் கிலோவுக்கு இருபது மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்றார்கள். அந்த மண்ணுக்குக் கீழே பாம்பார்ச் சோலை. அதற்கும் கீழே ஊர்கள்.

இந்தப் போராட்டத்தில் நான் கண்டது ஒன்று உண்டு. மண்ணைப் பற்றியும் மீனைப் பற்றியும் பேசியபோது அரங்கம் நிறைந்தது. ஆலையில் வேலை பார்த்தவர்களின் சிறுநீரகத்தைப் பற்றி அவர்களே பேசியபோது முன்வரிசை காலியாக இருந்தது.

*

இப்போது இ-பாஸ். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடைமுறைக்கு வந்தது. 2025இல் சீசனுக்கு உச்சவரம்பும் போட்டார்கள்: கொடைக்கானலுக்குச் சாதாரண நாளில் நாலாயிரம் வண்டி, வார இறுதியில் ஆறாயிரம். நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் வண்டியை எண்ணுகிறவர்கள் கக்கூஸை எண்ணுவதில்லையே! ஆறாயிரம் வண்டியில் எத்தனை வயிறு? அத்தனை வயிற்றுக் கழிவும் எந்தக் குழியில் இறங்குகிறது, அந்தக் குழியை இறைப்பது எந்திரமா, எங்கள் தம்பிகளா? பாட்டிலுக்கு இருபது ரூபாய் பசுமை வரி போட்டார்கள். பாட்டிலைப் பொறுக்குகிற கைக்கு அதில் எத்தனை பைசா?

2019இல் விதிமீறிய விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். சரியான காரியம். மறுநாள் காலையில் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தது எங்கள் பெண்கள். முதலாளிக்குச் சீல் வைத்தால் கூலி ஒரு நாளும் நிற்கக்கூடாது என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி, எந்த மனுவிலும் இல்லை.

தமிழில் சூழலியம் எழுதுகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுண்டு. உங்களுக்கு நீர் என்றால் அழகு, அல்லது வளம். எங்களுக்கு நீர் என்றால் முதலில் தொடலாமா கூடாதா என்கிற கேள்வி. 1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கி ஒரு கை நீர் அள்ளிக் குடித்ததற்காக எங்கள் சனம் அடி வாங்கியது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் எங்கள் சனத்தின் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. நீரை அசுத்தமாக்குவது என்றால் என்ன என்று எங்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

நம் தோழர்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. "ஏரி, குளம், குறிஞ்சிப் பூவெல்லாம் மேல்சாதிப் பொழுதுபோக்கு தோழர், நமக்கு நிலம்தான் பிரச்சினை" என்று ஒரு தோழர் திண்டுக்கல்லில் என்னிடம் சொன்னார். அப்படியா? ஏரி நிரம்பி வழிகிற நீர்தான் மலைப்பாதையில் வெள்ளி அருவியாக விழுகிறது. வழிநெடுக அதில் காலை நனைக்கிறவன், கீழே அதைக் குடிக்கிற மாடு, அதை மோந்து குடிக்கிற பிள்ளை யாருடையது? செத்த ஏரிக்குச் சுற்றுலா வராது. வராவிட்டால் முதலாளி வட்டக்கானலை விட்டுவிட்டு வேறு மலைக்குப் போவான், நாம் எங்கே போவோம்? நாம் ஒதுங்கினால் ஏரியைக் காப்பாற்றும் திட்டத்தில் முதல் பக்கத்திலேயே நம் வீடு இடிபடும். ஒதுங்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

எனவே ஏரியைக் காப்பது என்றால் நாங்கள் கேட்பது இது. ஆக்கிரமிப்புப் பட்டியலை அறைகளின் எண்ணிக்கைப்படி எழுதுங்கள். நூறு அறை முதலில், தகரக் கூரை கடைசியில். எங்கள் காலனிக்குப் பட்டாவும் கழிவறையும் கொடுத்துவிட்டு அதற்குப் பிறகு எங்கள் கழிவைப் பற்றிப் பேசுங்கள். ஒவ்வொரு விடுதியின் குழியும் எப்போது, எந்த வண்டியால் இறைக்கப்பட்டது என்று வாசலில் எழுதி ஒட்டட்டும். படகுக் கட்டணப் பலகை வைக்கத் தெரிந்த ஊருக்கு இது முடியாத வேலையா?

கூட்டம் முடிந்த மறுவாரம் நானும் காலனிப் பிள்ளைகள் நாலு பேரும் உட்கார்ந்து தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதினோம். ஏரிக்கு மேலே உள்ள விடுதிகளின் பெயர், அறை எண்ணிக்கை, கழிவுத் தொட்டியின் கொள்ளளவு, கடைசியாக இறைத்த நாள், இறைத்தவருக்குக் கொடுத்த கூலி. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்பை எங்கப்பாதான் ஒட்டினார். விடுதிகளின் பெயர்களை எங்களுக்குச் சொன்னவரும் அவர்தான், பாதிக்கு மேல் உள்ளே இறங்கிப் பார்த்தவர். ஒரு விடுதியின் பெயரைச் சொல்லும்போது மட்டும், "அது ரெண்டு குழி. சின்னக் குழியைத்தான் காட்டுவாங்க, பெருசு சமையக்கட்டுக்குப் பின்னால இருக்கு. அதையும் எழுதிக்க" என்றார். எழுதிக்கொண்டேன். முப்பது நாளில் பதில் வர வேண்டும் என்பது சட்டம். வரவில்லை. முதல் மேல்முறையீடு போட்டோம், அதற்கும் பதில் இல்லை. இரண்டாவது மேல்முறையீட்டைப் போன வெள்ளிக்கிழமை பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம்.