புடைத்த டயரில் இன்னும் ஒரு மாதம் ஓட்டலாமா?

‘‘ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிச் சென்றபோது, எங்கள் குட்டியானை வண்டி மழைநீர் தேங்கிய பள்ளத்தில் இறங்கிவிட்டது. இடதுபக்க முன் டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைப்பு வந்திருக்கிறது. டிஸ்க் விளிம்பும் லேசாக நெளிந்துள்ளது. காற்று இறங்கவில்லை. ‘உள்ளே ஒட்டுப் போட்டுக்கொண்டு அறுவடை முடியும்வரை ஓட்டுங்கள்’ என்கிறார் டயர் கடைக்காரர். ஓட்டலாமா?’’

- திண்டுக்கல் மாவட்ட வாசகர் ஒருவர்

ஓட்டக் கூடாது. இன்றைக்கே ஸ்டெப்னியை மாட்டிவிட்டு, அந்த டயரைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

டயருக்குள் நூல் அடுக்குகள் இருக்கின்றன. காற்றின் அழுத்தத்தையும் சுமையையும் தாங்குவது இந்த நூல்கள்தான். வெளியே தெரியும் ரப்பர் அல்ல. பள்ளத்தின் முனையில் சக்கரம் மோதும்போது, டயரின் பக்கவாட்டுப் பகுதி டிஸ்க்குக்கும் சாலைக்கும் நடுவில் சிக்கி நசுங்குகிறது. அப்போது உள்ளே நூல்கள் அறுந்துபோகின்றன. அறுந்த இடத்தில் காற்று ரப்பரை வெளியே தள்ளுவதைத்தான் நீங்கள் புடைப்பாகப் பார்க்கிறீர்கள். உள்ளே ஒட்டும் ஒட்டு காற்றுக் கசிவை நிறுத்தும். அறுந்த நூலைச் சேர்க்காது. ஆணி குத்திய சிறு துளையைத் தரையில் படும் பகுதியில் அடைக்கலாம். பக்கவாட்டுச் சேதத்துக்கு ஒட்டு என்பதே கிடையாது.

காலி வண்டியில் நான்கு நாள் ஓடிவிட்டதே என்று நம்பிக்கை வரும். சுமை, வெயில், வேகம் மூன்றும் சேரும் நாளில்தான் அது வெடிக்கும். முன் டயர் வெடித்தால் வண்டி அந்தப் பக்கமே இழுக்கும். இடதுபக்கம் என்றால், சாலையோரம் நடப்பவர்கள் மீது போகும். சந்தைக்குப் போகும் வண்டியில் மூட்டைகளின் மேல் ஆட்களும் உட்கார்ந்து வருகிறார்கள் என்றால், ஒரு டயர் விலையோடு கணக்கு முடியாது.

டிஸ்க்கைச் சரிசெய்யலாமா?

இரும்பு டிஸ்க்கின் விளிம்பு மட்டும் லேசாக நெளிந்திருந்தால், பட்டறையில் பெண்டு எடுத்துப் பயன்படுத்தலாம். அதற்கு முன், டயரைக் கழற்றி, துருவையும் சேற்றையும் துடைத்துவிட்டு, நட்டு ஓட்டைகளைச் சுற்றியும் விளிம்பிலும் மயிரிழைபோல விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் இருந்தால் வெல்டிங் வைக்காமல் டிஸ்க்கை மாற்றிவிட வேண்டும். நட்டு ஓட்டை முட்டை வடிவில் அகன்றிருந்தாலும் அதே முடிவுதான். அலாய் சக்கரம் என்றால் இன்னும் கவனம் தேவை. தீயில் காட்டி நிமிர்த்தினால் அதன் பலம் குறையும்.

பெண்டு எடுத்த டிஸ்க்கை மாட்டி, ஜாக்கியில் தூக்கிய நிலையில் கையால் சுற்றுங்கள். பக்கத்தில் ஒரு குச்சியை அசையாமல் பிடித்தால், விளிம்பு உள்ளேயும் வெளியேயும் ஆடுவது தெரிந்துவிடும். ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

புது டயர் வாங்கும்போது...

பழைய டயரில் உள்ள எண்ணை அப்படியே எழுதிக்கொண்டு போங்கள். ‘145 ஆர் 12’ என்று அளவு இருந்தால், அதையடுத்து ‘எல்டி’, ‘8 பிஆர்’ என்பவையும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவை சரக்கு வண்டிக்கான பலத்தைக் குறிப்பவை. 12 அங்குல கார் டயர் விலை குறைவு. அதே டிஸ்க்கில் உட்காரவும் செய்யும். ஆனால், தக்காளிப் பெட்டிகளின் சுமையைத் தாங்கும் பலம் அதற்கு இல்லை.

பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண், தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். ‘2324’ என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம். கடையில் பல ஆண்டுகள் கிடந்த டயரைப் புதுசு என்று வாங்கிவிடாதீர்கள். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் நைலான் என்று கலந்து போடக் கூடாது. மறுபக்க டயர் நன்றாகத் தேய்ந்திருந்தால், இரண்டையும் சேர்த்து மாற்றுவதே நல்லது. நான்கு சக்கர வண்டிக்குப் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மோட்டார் வாகன விதிப்படி ஓட்டக் கூடாது.

மாட்டிய பிறகு பேலன்சிங், வீல் அலைன்மென்ட் இரண்டும் பார்த்துவிடுங்கள். முன் சக்கரம் இறங்கிய பள்ளத்தில் பின் சக்கரமும் இறங்கியிருக்கும். எனவே, இடதுபக்கப் பின் டயரின் உட்பக்கத்தையும் கையால் தடவிப் பாருங்கள். நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, 50 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை சரிபாருங்கள்.

‘‘டிராக்டர் டிரெய்லரின் சக்கரம் பள்ளத்தில் அடிபட்டு, வளையம் நெளிந்திருக்கிறது. தோட்டத்திலேயே தட்டிச் சரிசெய்து காற்றடிக்கலாமா?’’

- கடலூர் மாவட்ட வாசகர் ஒருவர்

வேண்டாம். டிரெய்லர் சக்கரங்கள் பலவற்றில், டயரைப் பிடித்து நிறுத்த லாக் ரிங் என்ற தனி வளையம் இருக்கும். நெளிந்த வளையம் காடியில் சரியாக உட்காராது. காற்று ஏறும்போது அது தெறித்தால், எதிரே நிற்பவரின் உயிரையே எடுத்துவிடும். நெளிந்த, துருப்பிடித்த, வெடித்த வளையத்தைத் தட்டிச் சரிசெய்யாமல், அதே வகைப் புது வளையம் வாங்குங்கள்.

சக்கரத்தின் நட்டைத் தளர்த்தும் முன்பே, வால்வின் உள்ளே இருக்கும் ஊசியைக் கழற்றிக் காற்று முழுவதையும் இறக்கிவிட வேண்டும். காற்றடிக்கும்போது, கம்பிக் கூண்டு உள்ள கடையில், நீளமான குழாய் வைத்து, பக்கவாட்டில் தள்ளி நின்று அடிக்கச் சொல்லுங்கள். வேடிக்கை பார்க்கப் பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

‘‘பள்ளத்தால் போன டயருக்குக் காப்பீடு கிடைக்குமா? சாலையைப் பற்றி யாரிடம் புகார் செய்வது?’’

- ஈரோடு மாவட்ட வாசகர் ஒருவர்

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால் எதுவும் கிடைக்காது. முழுக் காப்பீட்டிலும், டயர் மட்டும் சேதமானால் பொதுவாக இழப்பீடு இல்லை. வண்டியின் மற்ற பாகங்களும் அதே விபத்தில் சேதமாகியிருந்தால், டயர் மாற்றும் செலவில் 50 சதவிகிதம் வரை கேட்கலாம். சரக்கு வண்டிகளுக்கு ‘ஐஎம்டி 23’ என்ற கூடுதல் பிரிவும் பாலிசியில் இருக்க வேண்டும். அடுத்தமுறை புதுப்பிக்கும்போது கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். சேதம் நடந்தால், வண்டியைப் பட்டறைக்கு விடும் முன்பே படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

சாலை யாருடையது என்பதை மைல்கல்லின் தலையில் உள்ள வண்ணமே சொல்லும். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. 1033 என்ற எண்ணில் சொல்லலாம். பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. அதற்கும், மாநில நெடுஞ்சாலைத் துறையின் மாவட்டச் சாலைகளுக்கும் ‘நம்ம சாலை’ செயலியில் படத்துடன் புகார் பதியலாம். ஊராட்சிச் சாலை என்றால் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுங்கள். எந்தச் சாலையானாலும் முதல்வரின் உதவி மைய எண் 1100-க்கும் சொல்லலாம். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை கேட்கும்போது அதுதான் உதவும்.

பள்ளம் மூடப்படும்வரை உங்கள் கையில் இருப்பது காற்றும் வேகமும்தான். காலையில் டயர் சூடாவதற்கு முன், கையேட்டில் சொன்ன அளவுக்குக் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். காற்றுக் குறைந்த டயர்தான் பள்ளத்தில் முதலில் நசுங்கும். தண்ணீர் தேங்கிய இடத்தில் ஆழம் தெரியாது என்பதால், அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு மெதுவாக இறக்கி ஏற்றுங்கள்.