ஒரே பிரதியாய் ஒரு பத்திரிகை

1867 ஒக்டோபரில் இங்கிலாந்திலிருந்து 280 கைதிகளுடன் மேற்கு அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது 'ஹூகமண்ட்' என்னும் கப்பல். அந்நாட்டுக்குக் கைதிகளை ஏற்றிச்சென்ற கடைசிக் கப்பல் அதுவே. அதிலிருந்தோருள் 62 பேர் ஃபீனியர். அயர்லாந்தின் விடுதலைக்கு உழைத்துத் தண்டிக்கப்பட்டவர்கள். அக்கப்பலில் அவர்கள் ஒரு பத்திரிகை நடத்தினர். பெயர் 'காட்டு வாத்து'. தோல்வியின்பின் தாயகம் நீங்கி ஐரோப்பியப் படைகளிற் சேர்ந்த வீரரை ஐரிஷ் மக்கள் அழைத்த பெயர் அது. அச்சுக்கூடம் ஏது? கையால் எழுதிய ஒரே பிரதி. ஒருவர் உரத்து வாசிக்க ஏனையோர் செவிமடுத்தனர். வெளிவந்த ஏழு இதழ்களும் இன்று சிட்னி நூலகத்தில் உள்ளன.

அதன் ஆசிரியர்களுள் ஒருவர் ஜோன் பொயில் ஓரெய்லி. 1844இல் பிறந்த இவர் ஒரு பள்ளி ஆசிரியரின் மகன். சிறுவயதிலேயே பத்திரிகை அலுவலகத்தில் தொழில் பழகியவர். பிரித்தானியக் குதிரைப்படையிற் சேர்ந்து, அங்கிருந்த ஐரிஷ் சிப்பாய்களை இயக்கத்துக்குத் திரட்டினார் என்பதே குற்றம். 1866இல் இராணுவ நீதிமன்றம் விதித்த மரண தண்டனை பின்னர் இருபதாண்டுக் கடூழியமாயிற்று. அவுஸ்திரேலியாவில் அவர் 9843ஆம் இலக்கக் கைதி. (கோப்பு இலக்கமாக வாழ்வது எத்தகையது என்பதை நம் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை.) காட்டில் வீதி போடும் வேலை. மனமுடைந்து ஒருமுறை உயிரை விடவும் முயன்றார். 1869இல் கத்தோலிக்கக் குருவானவர் ஒருவரின் துணையோடு, அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பலொன்றில் தப்பினார்.

இந்த வீரக்கதையைப் பலரும் எழுதிவிட்டனர். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அதன்பின் நடந்ததே. 1870இல் பொஸ்டனில், ஐரிஷ் குடியேறிகளின் ஏடான 'பைலட்'டில் அவர் சேர்ந்தார். அவ்வாண்டு யூலை 12ஆம் நாள் நியூயோர்க்கில் ஐரிஷ் புரட்டஸ்தாந்தர் பழைய போர் வெற்றியொன்றைக் கொண்டாடி ஊர்வலம் சென்றனர். ஐரிஷ் கத்தோலிக்கர் அவர்களோடு மோதினர். எட்டுப்பேர் மாண்டனர். ஓரெய்லி இரு சாராரையுமே கண்டித்தார். கடல் கடந்தும் அந்தத் தீவின் பழம்பகையை ஏன் காவித் திரிகிறோம் என்று கேட்டார். அவரோ கத்தோலிக்கர், 'பைலட்'டின் வாசகரிற் பெரும்பாலோரும் அவ்வாறே. அடுத்த ஆண்டு அதே நாளில் அதே நகரில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

தன்னவரைக் கண்டிப்பவன் துரோகி என்னும் பேச்சு நம்மிடையேயும் அடிக்கடி கேட்கிறது. அப்படிப் பேசுவோர் 1876ஐச் சற்று நோக்கட்டும். அவுஸ்திரேலியச் சிறையில் எஞ்சியிருந்த ஃபீனியருள் ஆறு பேரை 'கட்டல்பா' என்னும் கப்பல் அனுப்பி மீட்டனர். அத்திட்டத்துக்கு வழிகாட்டியோருள் ஓரெய்லியும் ஒருவர். தோழரை மறவாத அதே மனிதர்தாம் தோழரின் பிழையையும் அச்சிட்டார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகவும் அவர் விடாது எழுதினார். 1770இல் பிரித்தானியப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் பொஸ்டனில் வீழ்ந்த கறுப்பினத்தவரான கிறிஸ்பஸ் அற்றக்ஸ் முதலியோருக்கு 1888இல் அந்நகரில் நினைவுச்சின்னம் திறந்தபோது, அதற்கான கவிதையை எழுதியவரும் இந்த முன்னாள் கைதியே.

1890இல் 46 வயதில் இறந்தார், 'பைலட்'டின் ஆசிரியராகவே. அயர்லாந்து மண்ணில் அவர் மீண்டும் கால்வைக்கவில்லை.