சாப்பாட்டு வரியில் பிரிந்த குரல்கள்



போன மாதம் உறவுக்காரர் வீடு ஒன்றில் முப்பதாம் நாள் ஜெபம். காலமான பெரியம்மா சி.எஸ்.ஐ. சபைக்காரர். மருமகள் வீட்டு ஆட்கள் எல்லாரும் கத்தோலிக்கர். பந்தலில் பாதிக்குப் பாதி இருந்தார்கள். சபை ஐயர் கடைசியில், “எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொல்லுவோம்” என்றார். முதல் வரியிலிருந்தே கொஞ்சம் பிசிறு தட்டிக்கொண்டுதான் வந்தது. சாப்பாட்டு வரிக்கு வந்ததும் குரல்கள் பளிச்சென்று இரண்டாகப் பிரிந்துவிட்டன. இந்தப் பக்கம் ‘வேண்டிய ஆகாரம்’ கேட்டது. அந்தப் பக்கம் ‘அனுதின உணவு’ கேட்டது. ஒருவரை ஒருவர் முந்தக் கூடாதே என்று இரு தரப்பும் தயங்கித் தயங்கி, ஒருவழியாக ஆமெனில் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

பந்தியில் பக்கத்து இலையில் தம்பி மகள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். “பெரியப்பா, ரெண்டுல எது சரி? அவர் என்னதான் சொன்னாரு?” என்றாள். “ரெண்டும் சரிதாம்மா, சாப்பிடு” என்று மழுப்பிவிட்டேன். ஒரு சொல் சரியா தவறா என்று பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிற ஆள் சொல்கிற பதிலா அது? வீட்டுக்கு வந்தபிறகும் உறுத்திக்கொண்டே இருந்தது. அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை உங்களுக்குச் சொல்கிறேன்.

நற்செய்தி நூல்கள் நம் கைக்கு வந்திருப்பது கிரேக்கத்தில். இயேசு பேசியது அரமேயம். அந்த வரியில் உணவுக்கு அடைமொழியாக அவர் வாயிலிருந்து வந்த சொல் என்ன என்பது போய்விட்டது; அதற்குப் பதிலாகக் கிரேக்கத்தில் யாரோ வைத்த சொல்தான் இருக்கிறது: எபியூசியோஸ். மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் ஒருமுறை வருகிறது, லூக்கா 11இல் ஒருமுறை. இரண்டும் இதே ஜெபம்தான். ‘திதகே’ என்ற பழைய திருச்சபைக் கையேட்டிலும் இருக்கிறது, அங்கேயும் இதே ஜெபத்துக்குள்தான். ஹோமர் முதல் பிளேட்டோ வரை அத்தனை பெரிய கிரேக்க இலக்கியக் கடலில் வேறெங்கும் அது இல்லை.

இது இன்றைக்கு நாம் கண்டுபிடித்த சங்கதியும் அல்ல. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஓரிஜன் ஜெபத்தைப் பற்றி எழுதிய நூலில் இதைச் சொல்லிவிட்டார். கிரேக்க மொழியிலேயே பிறந்து வளர்ந்த பேரறிஞர் அவர். படித்தவர்கள் எழுத்தில் இந்தச் சொல் இல்லை, பாமரர் பேச்சிலும் இல்லை, நற்செய்தியாளர்களே உண்டாக்கியதாகத்தான் தெரிகிறது என்பது அவர் கருத்து. தாய்மொழிக்காரருக்கே அகப்படாத சொல் என்றால், நம் பந்தலில் குரல் பிரிந்ததில் என்ன ஆச்சரியம்?

ஏன் ஒரு புதுச் சொல்லை உண்டாக்க வேண்டும் என்பதுதான் எனக்குச் சுவாரஸ்யமான கேள்வி. ‘அன்றாட’ என்று மட்டும் சொல்ல வேண்டுமானால் கிரேக்கத்தில் சொல்லுக்கா பஞ்சம்? அப்போஸ்தலர் பணிகள் 6ஆம் அதிகாரத்தில் விதவைகளுக்கு நடந்த அன்றாடப் பந்தி விசாரிப்பைச் சொல்ல ‘கத்தேமெரினோஸ்’ என்ற சாதாரணச் சொல் இருக்கிறது. யாக்கோபின் நிருபம் அன்றாட ஆகாரம் இல்லாத ஏழையைப் பற்றிப் பேசும்போது ‘எபேமெரோஸ்’ என்ற சொல்லைப் போடுகிறது. போதாக்குறைக்கு, மத்தேயுவின் வரியில் ‘இன்று’ என்பது தனியாகவே நிற்கிறது. இன்றைக்கு வேண்டியதை இன்று தா என்று ஒரே ஆணியை இரண்டு முறை அடித்திருப்பார்களா?

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் வழி கிடைக்கும் என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் சிக்கலே. ‘எபி’ என்ற முன்னொட்டுக்குப் பின்னால் ‘ஊசியா’ இருக்கிறது என்று கொண்டால், அது இருப்பு, உள்ளமை என்ற பொருள். அப்போது ‘உயிர் தரித்திருக்கத் தேவையான’ உணவு என்று ஆகும்; அல்லது ‘உள்ளமைக்கும் மேலான’ உணவு என்று வானத்துக்கே ஏறிவிடும். அப்படியில்லாமல் ‘வருதல்’ என்ற வினையிலிருந்து பிறந்தது என்று கொண்டால், ‘வருகிற நாளுக்கான’ உணவு.

4ஆம் நூற்றாண்டின் இறுதியில் நற்செய்திகளின் லத்தீன் மொழிபெயர்ப்பைத் திருத்த உட்கார்ந்த ஜெரோம் என்ன செய்தார் தெரியுமா? லூக்காவில் ‘அன்றாட’ என்ற பழைய லத்தீன் சொல்லை அப்படியே விட்டுவிட்டார். மத்தேயுவில் அதே கிரேக்கச் சொல்லுக்கு ‘உள்ளமைக்கு மேலான’ என்ற பொருளில் ‘சூப்பர்சப்ஸ்தான்சியாலிஸ்’ என்று ஒரு மலையைத் தூக்கி வைத்தார். ஒரே ஆள், ஒரே சொல், இரண்டு மொழிபெயர்ப்பு. மெய்ப்புத் திருத்துபவனாக நான் அங்கே இருந்திருந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருப்பேன். ஆனால் அவர் கவனக்குறைவாக விட்டதல்ல அது என்று இப்போது தோன்றுகிறது. ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருளும் மல்லுக்கட்டும்போது, இங்கே ஒன்றும் அங்கே ஒன்றுமாக இரண்டையும் காப்பாற்றிவிட்டார். பின்னாளில் மத்தேயு உரையில் மூன்றாவதாகவும் ஒன்றைக் குறித்துவைத்தார். எபிரேயர் நற்செய்தி என்ற ஒரு நூலில் அந்த இடத்தில் ‘மஹர்’ என்ற சொல்லைப் பார்த்தாராம். மஹர் என்றால் நாளை. அந்த நூல் பிற்பாடு தொலைந்துபோயிற்று. ஜெரோமின் குறிப்பு தப்பித்து நிற்கிறது.

சிரியாக் மொழியின் பெஷித்தா வேதாகமத்தில் ‘எங்கள் தேவைக்கான அப்பம்’ என்ற பொருளில் இருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் சிரியன் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த மொழியில்தான் இந்த ஜெபத்தைச் சொல்லி வந்தார்கள். பெரியம்மாவின் ‘வேண்டிய’ இந்தப் பக்கம் சாய்கிறது. சம்பந்தி வீட்டாரின் ‘அனுதின’ லத்தீன் வழிபாட்டுப் பக்கம் சாய்கிறது. 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பை எடுத்துப் பார்த்தேன். மத்தேயுவில் ‘தேவையான’, லூக்காவில் ‘அன்றாட’! ஜெரோமைப் போலவே இடத்துக்கு ஒன்றாக.

இடையில் ஒரு வேடிக்கை நடந்தது. எகிப்தில் ஹவாரா என்ற இடத்தில் பிளிண்டர்ஸ் பீட்ரி தோண்டியெடுத்த பாப்பிரஸ் தாள்களில் ஒன்று, யாரோ ஒருவரின் வீட்டுச் செலவுக் கணக்கு. அதைப் படித்து எழுதிக்கொடுத்தவர் சேய்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர். 1889இல் அது அச்சானது. அதில் ஒரு வரியில் இந்த எபியூசியோஸின் முதல் சில எழுத்துகள் தெரிவதாகப் பிற்பாடு கவனித்தார்கள். அறிஞர் உலகத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தைக் கணக்கில் வருகிற சொல் என்றால், அன்றைய படி என்பதுபோல ஏதோ ஒரு பொருள். விஷயம் முடிந்தது என்று அகராதிகளில் ஏறிவிட்டது. ஆனால் மூலத் தாளைச் சரிபார்க்கலாம் என்று தேடினால், தாளைக் காணோம். பல பத்தாண்டுகள் சேய்ஸின் படியை நம்பியே வாதம் ஓடியது. கடைசியில் 1998இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் அந்தத் தாள் கிடைத்தது. மறுபடி படித்தார்கள். அங்கே இருந்த சொல் ‘எலாயூ’. அதாவது எண்ணெய். வீட்டுக்கு எண்ணெய் வாங்கிய செலவு!

சேய்ஸைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை. நம் இதழிலேயே ஒருமுறை ‘அருள்வாக்கு’ என்பது ‘இருள்வாக்கு’ என்று அச்சாகி, நீங்கள் எழுதிய கடிதங்களை இன்னும் கட்டி வைத்திருக்கிறேன். நூறு வருடம் எவர் கண்ணிலும் படாமல் போகும் பிழை வாய்த்தவர் ஒரு விதத்தில் பாக்கியசாலி.

ஆக, சொல் மறுபடியும் தனியாக நிற்கிறது. அவரவர் பசியை அவரவர் அதற்குள் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். எருசலேமின் சிரில் நற்கருணையைப் பார்த்தார். சாதாரண அப்பம் எபியூசியோஸ் அல்ல, இந்தப் பரிசுத்த அப்பமே எபியூசியோஸ் என்று ஞானஸ்நானம் பெற்ற புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் காலத்தவரான நிஸ்ஸாவின் கிரகோரி சாப்பாட்டு இலையைவிட்டு நகரவே இல்லை. கேட்பது அப்பம், ஆடம்பரம் அல்ல என்றார். அடுத்தவர் கண்ணீரில் விளைந்த அப்பமாக இருந்தால் அது கடவுள் தந்தது ஆகாது என்றும் போட்டார் ஒரு போடு. எனக்குக் கிரகோரியைப் பிடிக்கும்.

நம் காலத்துக்குக் கிட்டத்தில் சிமோன் வேய். யூதக் குடும்பத்தில் பிறந்த பிரெஞ்சுத் தத்துவவாதி. 1941இல் தெற்கு பிரான்சில் ஒரு பண்ணைக்காரருக்குக் கிரேக்கம் சொல்லிக்கொடுக்கும்போது இந்த ஜெபத்தை எடுத்துக்கொண்டார். மனப்பாடம் செய்வதாக இருவரும் பேசிக்கொண்டார்கள். பிறகு திராட்சை பறிக்கிற கூலிவேலைக்குப் போனார். கொடிகளுக்கு நடுவே பழம் பறித்துக்கொண்டே கிரேக்கத்தில் அதைச் சொல்வார். இடையில் நினைப்பு ஒரு இமைப்பொழுது வேறெங்காவது போய்விட்டால், முதலிலிருந்து மறுபடி தொடங்குவார். அவர் அந்தச் சொல்லை ‘இயற்கைக்கு அப்பாற்பட்ட’ அப்பம் என்றே மொழிபெயர்த்தார். இரண்டு வருடம் கழித்து, 1943 ஆகஸ்டில், இங்கிலாந்தில் காசநோயோடு படுத்த படுக்கையாக இருந்தபோது, நாஜிகள் பிடித்துவைத்திருந்த பிரான்சில் ஜனங்களுக்கு என்ன கிடைக்கிறதோ அதற்குமேல் தனக்கு வேண்டாம் என்று சாப்பாட்டை ஒதுக்கினார். இறக்கும்போது வயது 34. உடம்புக்கான அப்பத்தைவிட மேலானதைக் கேட்டவர், உடம்புக்கான அப்பத்தில் பிறத்தியார் பங்கை ஒரு பிடிகூட எடுக்க மனமில்லாதவராக இருந்தார். இதைப் படித்த அன்று என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை.

என் கட்சி எது என்று தம்பி மகள் கேட்பாள். நான் ‘வருகிற நாள்’ கட்சி. லூக்காவே அப்போஸ்தலர் பணிகளில் ‘மறுநாள்’ என்பதற்கு இதே குடும்பத்துச் சொல்லைப் பலமுறை பயன்படுத்துகிறார்: எபியூசா. பவுல் கப்பலேறி மறுநாள் கரை சேர்வதெல்லாம் அந்தச் சொல்லில்தான். ஜெரோம் பார்த்த ‘மஹர்’ வேறு இருக்கிறது. எதிர்த்தரப்புக்கும் பதில் கைவசம் உண்டு: நாளையைப் பற்றிக் கவலைப்படாதே என்று அதே மத்தேயு 6இல் சொன்னவர், நாளைக்கு உணவு கேட்கச் சொல்வாரா? வனாந்தரத்தில் மன்னாவை மறுநாளைக்கு எடுத்துவைத்தால் புழுத்துப்போயிற்றே?

ஆனால் அந்த மன்னாவிலேயே ஒரு விலக்கு உண்டு. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு நாளைக்கு உள்ளது கிடைத்தது, எடுத்துவைத்தாலும் கெடவில்லை. கவலைப்படாமல் இருப்பது வேறு, கேட்காமல் இருப்பது வேறு. கூலியைச் சூரியன் மறைவதற்குள் கொடுத்துவிடு என்கிறது உபாகமம். இயேசுவின் உவமையிலும் திராட்சைத் தோட்டத்து ஆட்களுக்குப் பொழுது சாய்ந்த பிறகுதான் ஆளுக்கொரு தெனாரியம். பொழுது சாயக் கூலி வாங்குகிறவன் வீட்டில், இன்றைக்குக் கைக்கு வருவதுதான் நாளை விடியலுக்கான சாப்பாடு. நம் மொழியில் அந்த ஆளுக்கு ஒரு பெயர் இருக்கிறது: அன்றாடங்காய்ச்சி. அவன் ‘நாளைக்கானதை இன்று தா’ என்று கேட்டால் அது பதுக்கல் ஆகுமா?

எங்கள் ஆச்சி இந்த ஜெபத்தை ராத்திரியில்தான் சொல்வாள். எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும், மீந்த சோற்றைக் கையால் உதிர்த்து மண்சட்டியில் போட்டு, சோறு முங்கத் தண்ணீர் ஊற்றுவாள். சட்டியை மூடியபிறகு அங்கேயே, அடுப்படித் திண்டில் உட்கார்ந்தபடி முணுமுணுப்பாள். சோறு மிஞ்சாத நாளும் உண்டு. அன்றைக்கும் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்து அதே வரியைச் சொல்வாள். ‘வேண்டிய’ என்றுதான் சொன்னாள். கிரேக்கமெல்லாம் அவளுக்கு என்ன தெரியும்? விடிந்தால் வயலுக்குப் போகிற நான்கு பேருக்குப் பழையது வேண்டும் என்று தெரியும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த வரியில் என்ன சொல் சொன்னார்கள்? ஆகாரமா, உணவா, அப்பமா, இல்லை நான் கேட்டேயிராத வேறு ஏதாவதா? எந்த ஊர், எந்தச் சபை என்பதோடு ஒரு தபால் அட்டையில் எழுதிப் போடுங்கள். பெரியம்மாவின் வருட ஜெபத்துக்குள் வந்து சேர்ந்தால் நல்லது. தம்பி மகள் மறுபடி பக்கத்து இலையில்தான் உட்காருவாள்.

அன்புடன்,
ஆசிரியர்